‘உங்க கர்த்தர் என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே’

கேள்வி: ஐயா, எனக்கு வயது 36. திருநெல்வேலி பக்கம் ஒரு கிராமம். ரோடு கான்ட்ராக்டர் ஒருவரிடம் சைட் இன்ஜினியராக இருந்தேன். 30 மி.மீ. தார் போட்டுவிட்டு எம்.புக்கில், அதாவது வேலையின் அளவைப் பதியும் புத்தகத்தில், 40 என்று ஏற்றுவார்கள். அதற்கான அளவுச் சீட்டை நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். போன வருஷம் சபையின் ஆண்கள் ஐக்கிய முகாமில் ‘மலிவான கிருபை’ பற்றி ஒரு செய்தி கேட்டேன். மறுவாரமே வேலையை விட்டேன். 42,000 சம்பளம் போய், இப்போது சிமென்ட் ஏஜென்சி ஒன்றில் 19,000. மனைவியின் நகை அடகில் இருக்கிறது. பையனை ஸ்கூல் மாற்றினோம். ‘உங்க கர்த்தர் உங்ககிட்ட பேசினாரு, என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே’ என்கிறாள் மனைவி. மச்சான் ஃபீஸுக்கு 50,000 தருகிறேன் என்றார். மனுஷன் கையை நம்பக் கூடாது என்று மறுத்துவிட்டேன். கன்வென்ஷனில் ‘இழந்ததை இரட்டிப்பாய்த் தருவார்’ என்றார்கள், காத்திருக்கிறேன். இதற்கிடையில் போன மாதம் முதலாளி சொன்னபடி பில் போடாமல் மூன்று லோடு அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து ஜெபிக்க வாய் வரவில்லை. ராத்திரி 2 மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமும் இல்லை. பழைய கான்ட்ராக்டர் திரும்பக் கூப்பிடுகிறார். நான் கொடுத்த விலையெல்லாம் வீண்தானா? ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்கிறது வேதம். எனக்குப் போதவில்லையே, ஐயா.

பதில்:

அன்புள்ள தம்பி,

பழைய வேலைக்குத் திரும்ப வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் வருகிற யாருமே, நீங்கள் செய்தது சரி என்று உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. நீங்கள் செய்தது சரி. 10 மி.மீ. குறைந்த ரோடு அடுத்த ஐப்பசி மழைக்கே குழி விழும். அந்தக் குழியில் பைக்கோடு விழுகிறவனுக்கு அளவுச் சீட்டை யார் எழுதினார்கள் என்று தெரியப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும். அந்தப் பேனாவை நீங்கள் கீழே வைத்தது நல்ல காரியம். பின்னால் நடந்த எதுவும் அதைக் கெட்ட காரியமாக மாற்றிவிடாது.

சரி, இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நாலைந்து தரம் படித்தேன். எல்லாவற்றுக்கும் எண் போட்டு எழுதியிருக்கிறீர்கள். 42,000, 19,000, 50,000, மூன்று லோடு. ஒரு பக்கம் நீங்கள் கொடுத்தது, எதிர்ப் பக்கம் கர்த்தர் தர வேண்டியது. எதிர்ப் பக்கம் இன்னும் வரவாகவில்லை என்பதுதான் உங்கள் புகார். நடுவில் நீங்களே ஒரு தப்புப் பண்ணிவிட்டதால், இனிமேல் கேட்கவும் உரிமை போய்விட்டதோ என்று பயம்.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் நீங்கள் இல்லை. இயேசுவின் சீஷர் பேதுருவே கேட்டார். ‘இதோ, நாங்கள் எல்லாவற்றையும் விட்டு, உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்’ என்று மத்தேயு 19-ஆம் அதிகாரத்தில் வருகிறது. இயேசு அவரைத் திட்டவில்லை. நூறத்தனையாய், அதாவது நூறு மடங்காய்க் கிடைக்கும் என்றார். ஆனால் மாற்கு அதே பேச்சை எழுதும்போது ‘துன்பங்களோடேகூட’ என்று ஒரு வார்த்தையையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். நம் கன்வென்ஷன் மேடைகளில் நூறத்தனை மட்டும்தான் காதில் விழுகிறது. மத்தேயுவில் அதற்கு அடுத்தபடியாகவே வருவது திராட்சத்தோட்டத்து வேலைக்காரர்களின் உவமை. விடியற்காலத்தில் வந்தவனுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. பேதுரு கணக்கோடு வந்தார். இயேசு கணக்கே உடைந்துபோகிற ஒரு கதையைச் சொன்னார். இரட்டிப்பைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், அப்படி வாக்குக் கொடுக்க அந்தப் பிரசங்கியாருக்கு அதிகாரம் கிடையாது. யோபுவுக்குக் கிடைத்தது உண்மைதான். பவுலுக்குக் கிடைக்கவில்லை.

முகாமில் லூக்கா 14-ஐ எடுத்துத்தான் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து ‘செல்லுஞ்செலவைக் கணக்குப் பாராமலிருப்பானோ’ என்ற வசனம். வழக்கமாக இதை எப்படிச் சொல்வார்கள்? சீஷனாக வேண்டுமானால் செலவு அதிகம், கையில் வலு இருக்கிறதா பார்த்துக்கொள், இருந்தால் இறங்கு என்று. நான் அதை அப்படிப் படிப்பதில்லை. அடுத்த உவமையையும் சேர்த்துப் பாருங்கள். பதினாயிரம் பேரோடு ஒரு ராஜா, எதிரே இருபதினாயிரம் பேரோடு இன்னொருவன். உட்கார்ந்து யோசித்தால் என்ன தெரியும்? போதாது என்று தெரியும். தூது அனுப்பிச் சமாதானம் கேட்பதுதான் வழி. இரண்டு உவமைக்கும் முடிவாக இயேசு சொல்வது, ‘தனக்கு உண்டானவைகளையெல்லாம் வெறுத்துவிடாவிட்டால்’ எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான் என்பது. இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வா என்று அவர் சொல்லவில்லை. உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் பார்த்த ஒவ்வொருவனுக்கும், இதற்கு என்னிடம் வசதி இல்லை என்ற விடைதான் வரும். அந்த விடை வந்த பிறகுதான் ஒருவன் கையில் இருப்பதை நம்புவதை விடுவான்.

நீங்கள் கணக்குப் பார்த்துவிட்டு, என்னால் முடியும் என்ற விடையோடு இறங்கினீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முகாம் முடிந்த மறுவாரமே வேலையை விட்டது ஒரு வேகம். வேகம் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேகத்தில், இந்த விலையைக் கொடுக்கிறவன் நான் என்ற ஒரு பெருமையும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இப்போது மூன்று லோடு சிமென்ட் அதை உடைத்துவிட்டது. இத்தனை கலக்கத்துக்கும் பாதிக் காரணம் அதுதான்.

‘மலிவான கிருபை’ என்று சொன்ன ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முகாமில் பாதிக் கதையோடு நிறுத்தியிருப்பார்கள். மனந்திரும்புதலைக் கேட்காமலேயே பாவமன்னிப்பைப் பங்கிட்டுக்கொண்டிருந்த சபையைப் பார்த்து, 1937-இல், ஹிட்லர் ஆட்சிக்கு நடுவில், அதை ஒரு புத்தகத்தில் எழுதினார். வெறுமனே எழுதிவிட்டுப் போகவில்லை. 1939 ஜூனில் நியூயார்க் போய்ச் சேர்ந்தவர், அங்கேயே பத்திரமாக இருந்திருக்கலாம். ஜூலையிலேயே கப்பலேறி ஜெர்மனிக்குத் திரும்பினார். 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி ஃப்ளோசன்பர்க் வதைமுகாமில் தூக்கிலிட்டார்கள். வயது 39.

மற்ற பாதிக் கதை இது. 1944 ஜூலை 20-ஆம் தேதி ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோற்றுப்போனது. அந்தச் சதியோடு போன்ஹோஃபருக்கும் தொடர்பு இருந்தது. தன் முடிவும் நெருங்கிவிட்டது என்று அவருக்குத் தெரியும். மறுநாள், பெர்லினில் டேகல் சிறையிலிருந்து நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். பரிசுத்தமான வாழ்க்கை என்று ஒன்றை வாழ முயன்றே விசுவாசத்தைக் கற்றுக்கொண்டுவிடலாம் என்று ஒருகாலத்தில் நினைத்ததாகவும், அந்தப் பாதையின் முடிவில்தான் அந்தப் புத்தகத்தை எழுதியதாகவும் அதில் சொல்கிறார். அதிலுள்ள ஆபத்துகள் இன்று எனக்குத் தெரிகின்றன, ஆனாலும் எழுதியதை விட்டு விலகவில்லை என்கிறார். தன்னை என்னவாகவோ ஆக்கிக்கொள்ளும் முயற்சியை விட்டுவிட்டு, கடமையும் பிரச்சினையும் தோல்வியுமாக இருக்கிற இந்த வாழ்க்கைக்குள்ளேயே நின்று, தேவனுடைய கையில் முழுக்க விழுந்துவிடுவதுதான் விசுவாசம் என்பது அவர் வந்துசேர்ந்த இடம். விலை கொடுப்பதைப் பற்றி அவ்வளவு கறாராக எழுதியவர், விலை கொடுத்துக்கொண்டிருக்கும்போது தன் விலையை எண்ணிப் பார்த்துத் தைரியம் கொள்ளவில்லை. இதை உங்கள் முகாமிலும் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் பெரிய விஷயம். அவர் சொன்ன அந்த ஒரு வரியை, அவிசுவாசத்தில் பேசுகிறாள் என்கிற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை நியாயமான புகார் என்றே படித்தேன். முகாமில் அவர் இல்லை. செய்தியைக் கேட்டது நீங்கள், தீர்மானித்தது நீங்கள். கழற்றிக் கொடுத்தது அவர் வளையல். வட்டிச் சீட்டைப் புதுப்பிக்க மாதாமாதம் அடகுக் கடைப் படி ஏறுவது யார் என்று எழுதவில்லை. அவராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் சாட்சியைச் சபையில் எழுந்து நின்று சொல்லியிருப்பீர்கள். அவருக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை மைக் கொடுத்தார்கள்?

இதே லூக்கா 14-இல் மனைவி பிள்ளைகளையும் வெறுக்காவிட்டால் சீஷனாக முடியாது என்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அவர்களுக்காக என்னை விட்டுவிடாதே என்று அதற்கு அர்த்தம். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்கள் சோற்றில் கை வை என்று அர்த்தமில்லை. தன் வீட்டாரை விசாரியாதவன் ‘அவிசுவாசியிலும் கெட்டவன்’ என்று எழுதியதும் அதே வேதாகமம்தான். தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனுக்கு உதவாமல் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு மாற்கு 7-இல் எப்படிக் கண்டித்தார் என்று ஒருதரம் படித்துப் பாருங்கள்.

நம் பக்கத்து ஆள் ஒருவரைச் சொல்கிறேன். தேவசகாயம் பிள்ளையைத் தெரியாதவர்கள் கிடையாது. நட்டாலத்துக்காரர், திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர், 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். 1749-இல் கைதாகி, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் கொடுத்தபோது கத்தோலிக்கர் அல்லாத நம் சபைகளிலும் பேசினார்கள். அவர் மனைவி பெயர் என்ன? நான் கேட்ட இடங்களில் பலருக்கும் தெரியவில்லை. பார்கவி அம்மாள். அவரும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்ற பெயர் வாங்கினார். கணவர் போன பிறகு வடக்கன்குளத்திலேயே இருந்து, 1766-இல் அங்கேயே இறந்தார். அந்தப் பதினாலு வருஷம் யாருடைய சாட்சி என்று நான் யோசிப்பதுண்டு. ஆனால் அவர் அதைத் தன் சொந்த விசுவாசத்தில் சுமந்தார். உங்கள் வீட்டில் அப்படி நடக்க வேண்டுமானால், முதலில் அவரைக் கேட்க வேண்டும். நடந்ததை மாற்ற முடியாது. கேட்காமல் செய்தது தப்பு என்று சொல்ல முடியும். வேலையை விட்டதற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். தனியாகத் தீர்மானித்ததற்குக் கேளுங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் சொல்லுங்கள். வசனம் எதுவும் சேர்க்காமல் சொன்னால் இன்னும் நல்லது.

மச்சான் கொடுக்க வந்த பணத்தைத் திருப்பியது எனக்கு வருத்தம். ‘மனுஷன் கை’ என்கிறீர்கள். கர்த்தர் வேறு எந்தக் கையால் கொடுப்பார் என்று எதிர்பார்க்கிறீர்கள்? ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற பிலிப்பியர் 4:13 நம் வீடுகளில் காலண்டரில் தொங்குகிறது. அடுத்த வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. ‘ஆனாலும் நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது.’ பிலிப்பி சபையார் கொடுத்ததை எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்து சேர்த்தார். பவுல் வாங்கிக்கொண்டு, கிடைத்தது என்று ரசீது மாதிரி எழுதிக் கொடுக்கிறார். தெசலோனிக்கேயில் இருந்தபோதும் ஒன்றிரண்டு தரம் அனுப்பினீர்களே என்று ஞாபகப்படுத்துகிறார். கிருபையைப் பற்றி அவரைவிட அதிகமாய் யார் எழுதியது? அவருக்கே கை நீட்டி வாங்கக் கூச்சமில்லை.

உங்கள் சபையிலும் வருஷத்துக்கு ஒருதரம் அசனம், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து, நடக்கும். வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறுகிற கோஷ்டியில் நீங்கள் இருப்பீர்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. காணிக்கை எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டு யாருக்கும் இலை போடுவதில்லை. சங்கத் தலைவரும் கூலி வேலைக்குப் போகிற அம்மாளும் அதே சோறு, அதே குழம்புதான். நீங்கள் என்றைக்காவது முதல் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்களா? கொடுக்கத் தெரிந்த நிறைய பேருக்கு வாங்கிச் சாப்பிட வராது. போதகர்களில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. மச்சானிடம் போங்கள். அவமானமாகத்தான் இருக்கும். பரவாயில்லை. ‘அன்றைக்கு வேண்டாம் என்றேன், இப்போது வேண்டும்’ என்று சொல்லி வாங்குங்கள். கடனா, கொடையா என்பதை அப்போதே பேசி முடித்துவிடுங்கள். பேசாமல் விட்டால் நாலு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அது சண்டையாக வரும். அந்தப் பணத்தில் முதலில் ஃபீஸ், அப்புறம் நகைக்கு வட்டி. தசமபாகம் எடுக்க வேண்டாம். உங்கள் குருவானவர் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

மூன்று லோடு விஷயம். தப்புதான். அதைச் சின்னதாக்கிக் காட்டப் போவதில்லை. அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய வரி அது. ஆனால் அதற்காக விட்டுவந்த வேலையின் நன்மையெல்லாம் அழிந்துபோயிற்று என்று எண்ணுவது பழைய கணக்குப் புத்தகத்தையே மறுபடி திறப்பதுதான். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே இயேசு அவரிடம், உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன் என்கிறார். ‘நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து’ என்று விழுந்த பிறகு செய்ய வேண்டிய வேலையையும் அப்போதே கொடுத்துவிடுகிறார். உயிர்த்தெழுந்த பின் கடற்கரையில் கரி நெருப்புப் போட்டு, மீன் சுட்டு, சாப்பிடக் கொடுத்த பிறகுதான் ‘என்னை நேசிக்கிறாயா’ என்ற கேள்வியே வருகிறது. பேதுரு என்ன விலை கொடுக்கப் போகிறார், எப்படிச் சாகப் போகிறார் என்பதை அதற்கும் அப்புறம் சொல்லிவிட்டு, ‘என்னைப் பின்பற்றி வா’ என்று திரும்பவும் கூப்பிடுகிறார். இந்த வரிசையைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் விட்டோமே என்று பேசிய பேதுருவால் அந்த விலையைக் கொடுக்க முடியவில்லை. மூன்று தரம் மறுதலித்து அழுது, சோறு வாங்கிச் சாப்பிட்ட பேதுருவால் முடிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது, முதலாளியிடம் போய், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, ‘அண்ணாச்சி, பில் இல்லாத லோடை இனிமேல் என் கையால் அனுப்ப மாட்டேன். மத்த எந்த வேலையும் சொல்லுங்க’ என்று நேராகச் சொல்வது. அவர் ஒத்துக்கொள்ளலாம். ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். அதனால் அதற்கு முன்பு இரண்டு காரியம்: மனைவியிடம் பேசி, இருவரும் சேர்ந்து முடிவெடுப்பது; வேறு வேலைக்கு நாலு இடத்தில் சொல்லி வைப்பது. அரசு டெண்டர் பக்கமே போகாத தனியார் வீடு கட்டும் கம்பெனிகளும், கட்டட அளவு சரிபார்க்கிற வேலைகளும் உங்கள் படிப்புக்கு இருக்கின்றன. மூன்று மாதம் தேடிப் பிடித்துவிட்டு வெளியேறினால் விசுவாசம் குறைந்துவிடாது. அந்த மூன்று மாதமும் பில் இல்லாத லோடு உங்கள் கையால் போகக் கூடாது, அவ்வளவுதான்.

தூக்கம். 2 மணிக்கு விழித்துக்கொள்வது வாரக்கணக்கில் நீடித்தால் அதை ஆவிக்குரிய போராட்டம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகக் கூச்சமென்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே, காசில்லாமல் பேசலாம். உபவாசம் இப்போது வேண்டாம். ஜெபிக்க வாய் வராதபோது ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, பாடத் தெரிந்த ஒன்றை வாசித்துவிட்டுப் படுங்கள். முடியாத நாளில் அதுவும் வேண்டாம். உங்களுக்குப் பதிலாக ஜெபிக்கச் சபை இருக்கிறது.

கிருபை போதவில்லை என்று எழுதியதற்காக உங்களைக் கண்டிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்ற வார்த்தை வந்தது, தன் மாம்சத்தில் குத்துகிற முள்ளை எடுத்துவிடும் என்று மூன்று தரம் கேட்டும் எடுபடாத ஒரு மனுஷனுக்கு, பவுலுக்கு. அதைக் கேட்ட அன்றைக்கு அவருக்கும் வலி நின்றிருக்காது. போதும் என்று சொன்னவர் கர்த்தர். போதும் என்று உணர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் மனைவிக்கு விருப்பமிருந்தால் அவரையும் எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதுவதை நீங்கள் வாங்கிப் படித்துத் திருத்த வேண்டாம். அப்படியே ஒட்டி அனுப்பட்டும். அவருக்குத் தனியாகப் பதில் போடுகிறேன்.